சவுத் டவுன்ஸ் வே: சவுத்தீஸ் முதல் ஈஸ்ட்போர்ன் வரை ஒரு குழுவின் வார இறுதி நடைக்கு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி, வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சுமார் 160 கிலோமீட்டர் ஓடுகிறது சவுத் டவுன்ஸ் வே என்ற நெடுநடைப் பாதை. அதன் கிழக்குக் கோடியை மட்டும் சனி, ஞாயிறு இரண்டே நாளில் நடக்கலாம். சனிக்கிழமை சவுத்தீஸிலிருந்து ஆல்ஃபிரிஸ்டன், ஏறத்தாழ 11.5 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆல்ஃபிரிஸ்டனிலிருந்து செவன் சிஸ்டர்ஸ் குன்றுகள் வழியாக ஈஸ்ட்போர்ன், ஏறத்தாழ 17 கிலோமீட்டர். தொடக்கத்திலும் முடிவிலும் ரயில் இருப்பதால் கார் வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரையுள்ள குழுவை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது.

இந்தப் பாதையில் புதுக் குழுக்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஞாயிறு பிற்பகலில்தான். ஆகவே ஏற்பாட்டை ஞாயிறு மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கீழேயுள்ள வரிசை அந்தக் கணக்கில் அமைந்தது.

1. தேதியை வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய உள்ள வார இறுதிகள் பாதுகாப்பானவை. ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ நான்கு மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். இரண்டாம் நாள் நடை ஓய்வுகளோடு சேர்த்து ஏழு, எட்டு மணி நேரம் பிடிப்பதால் குளிர்காலத்தில் குழுவாகப் போக இது ஏற்றதில்லை.

அக்டோபரின் கடைசி ஞாயிறைத் தவிருங்கள். அன்று அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகிறது. சனிக்கிழமை இருந்த மாலை வெளிச்சத்தை நம்பி ஞாயிறு கிளம்பினால், 4.45-க்கெல்லாம் சூரியன் போய்விடும். அந்த நேரத்தில் குழு ஈஸ்ட்போர்னுக்குச் சற்று முன்னால் உள்ள பீச்சி ஹெட் கடலோரப் பாறை விளிம்பில் நின்றுகொண்டிருக்கும்.

2. முதலில் படுக்கை, பிறகு ஆட்கள்

ஆல்ஃபிரிஸ்டன் சின்னக் கிராமம். கோடையில் சனிக்கிழமை இரவுக்கு அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். வார இறுதியில் இரண்டு இரவு எடுத்தால்தான் அறை என்று சொல்லும் விடுதிகளும் பல. 'யார் யார் வருகிறீர்கள்' என்று முதலில் கேட்டுப் பன்னிரண்டு பேர் சேர்ந்த பிறகு இடம் தேடினால் ஆறு பேருக்குக்கூடக் கிடைக்காது. எத்தனை படுக்கை கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். குழுவின் அளவு அதுதான்.

கிராமத்தில் இடமே இல்லையென்றால் இரண்டு வழிகள். ஒன்று, சவுத்தீஸ் ரயில் நிலையத்தை ஒட்டி இட்ஃபர்டில் உள்ள ஒய்.எச்.ஏ. சவுத் டவுன்ஸ் விடுதிக்குச் சனி மாலை டாக்ஸியில் திரும்பித் தங்குவது. வெள்ளி இரவும் அங்கேயே தங்கிவிட்டால் சனி காலை ரயில் தாமதம் என்ற கவலை இல்லை. இரண்டு, சனி மாலை ஆல்ஃபிரிஸ்டனிலிருந்து டாக்ஸி வைத்து சீஃபர்டுக்கோ ஈஸ்ட்போர்னுக்கோ போய்த் தங்கி, ஞாயிறு காலை திரும்புவது. டாக்ஸியை இரண்டு வேளைக்கும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கிராமத்தில் நின்றுகொண்டு தேடினால் அகப்படாது.

பாதையோரம் கூடாரம் அடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் இங்கே கூடாரம் போடச் சட்டம் இடம் தரவில்லை. முறையான முகாம் இடத்தில் பதிவு செய்தால் சரி.

3. ரயிலும் பயணச்சீட்டும்

லண்டனிலிருந்து வருவோர் விக்டோரியாவிலோ ஈஸ்ட் குரோய்டனிலோ ஏறி லூயிஸில் இறங்கி, சீஃபர்ட் கிளைப் பாதையில் மாற வேண்டும். சீஃபர்ட் செல்லும் எல்லா ரயிலும் சவுத்தீஸில் நிற்பதில்லை. லூயிஸில் கண்ணில் பட்ட ரயிலில் ஏறிவிட்டு சவுத்தீஸைக் கடந்து நியூஹேவனில் போய் இறங்குவது அடிக்கடி நடக்கிறது. நடைமேடைப் பலகையில் சவுத்தீஸ் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள்.

திரும்புவது ஈஸ்ட்போர்னிலிருந்து. போகும் ஊர் ஒன்று, வரும் ஊர் ஒன்று என்பதால் சவுத்தீஸுக்கு ரிட்டர்ன் எடுத்தால் கணக்குச் சரியாக வராது. தனித்தனி ஒற்றைச் சீட்டுகளையும், ஈஸ்ட்போர்ன் ரிட்டர்னுடன் லூயிஸ்–சவுத்தீஸ் துண்டுச் சீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று முதல் ஒன்பது பெரியவர்கள் சேர்ந்து நெரிசலில்லா நேரத்தில் போனால் குரூப்சேவ் சலுகையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பன்னிரண்டு பேர் என்றால் இரண்டு குழுவாகப் பிரித்து வாங்குங்கள். சலுகைச் சீட்டு வைத்திருப்போர் வண்டியில் ஒன்றாகவே பயணம் செய்ய வேண்டும் என்பதால், யார் எங்கே ஏறுவது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். இதைத் தேதி முடிவு செய்யும்போது ஒரு தடவையும், கிளம்பும் வாரத்தில் ஒரு தடவையும் பாருங்கள்.

4. ஞாயிறு மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கு

தட்டையான நிலத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இதை நெய்ஸ்மித் விதி என்பார்கள். உடல் பழகிய ஒருவர் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம் இது. பத்துப் பேர் சேர்ந்தால் மேய்ச்சல் நில வேலிக் கதவு திறக்க, படம் எடுக்க, கல் குத்திய செருப்பைக் கழற்ற என்று நேரம் ஓடும். சமநிலத்தில் மணிக்கு 3 கிலோமீட்டர், குன்றுகள் ஏறி இறங்கும் பகுதியில் 2.5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேகத்தில் ஞாயிறு இப்படி வரும். காலை 9.30-க்கு ஆல்ஃபிரிஸ்டன். 11.15 எக்சீட், அங்கே இருபது நிமிட ஓய்வு. 2 மணிக்கு பர்லிங் கேப், முக்கால் மணி சாப்பாடு. 4 மணிக்கு பீச்சி ஹெட். 4.50-க்குப் பாதையின் முடிவு. 5.30 போல் ரயில் நிலையம்.

கடைசி வரியைக் கவனியுங்கள். பாதை முடியும் இடம் ஈஸ்ட்போர்னின் மேற்கு ஓரம், புல்சரிவின் அடிவாரம். ரயில் நிலையம் அங்கிருந்து இன்னும் அரை மணி முதல் முக்கால் மணி நடை. வரைபடத்தில் 'ஈஸ்ட்போர்ன்' என்று பார்த்துவிட்டு 5 மணி ரயிலுக்குச் சீட்டு எடுப்பவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் சீட்டு வாங்காதீர்கள்.

இதோடு ஒரு வெட்டுநேரத்தையும் முடிவு செய்யுங்கள்: எக்சீட்டை விட்டு 12.30-க்குள் கிளம்ப முடியாவிட்டால் அன்றைய நடையைப் பர்லிங் கேப்போடு முடித்துக்கொள்ள வேண்டும். முடிவைக் களைத்துப்போன நேரத்தில் எடுக்கக் கூடாது. சனி இரவே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

5. வரைபடம், பொறுப்புகள்

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு எக்ஸ்ப்ளோரர் வரிசையில், இந்த இரு நாள் பாதையின் பெரும்பகுதி ஓ.எல்.25 தாளில் இருக்கிறது. தொலைபேசியில் செயலி இருந்தாலும் காகிதத் தாள் ஒன்றாவது குழுவில் இருக்க வேண்டும். குன்றுகளுக்கு நடுவே சிக்னல் விட்டுவிட்டு வரும். செயலியின் வரைபடத்தை வீட்டிலிருந்தே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். முன்னவரை யாரும் தாண்டக் கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் போகக் கூடாது. இந்த இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் வைத்திருக்கட்டும். ஒவ்வொரு கதவிலும், ஒவ்வொரு பிரிவிலும் முன்னவர் நின்று கடைசி ஆளைக் கண்ணால் பார்த்த பிறகே நகர வேண்டும். ஆனால் கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்புவது கொடுமை. மெதுவாக வருபவருக்கு ஓய்வே கிடைக்காமல், மூன்றாவது நிறுத்தத்தில் அவர் கால் விட்டுவிடும். அவர் வந்த பிறகு ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

6. பையில் என்ன

காலணிதான் முதல் கேள்வி. பாதை முழுக்கச் சுண்ணாம்புப் பாறையும் அதில் பதிந்த கூரிய தீக்கல்லும். காய்ந்திருந்தால் மெல்லிய அடியுள்ள ஷூவைத் தாண்டிக் கல் உள்ளங்காலைக் குத்தும். நனைந்தால் சுண்ணாம்பு சோப்புக்கட்டி போல வழுக்கும். பள்ளம் வெட்டிய அடியுள்ள நடைக் காலணி வேண்டும். புதிதாக வாங்கியிருந்தால் குறைந்தது இரண்டு வாரம் தெருவில் போட்டு நடந்து பழக்குங்கள்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், வெயில் நாளில் இரண்டரை. முதல் நாள் இட்ஃபர்டை விட்டு ஏறினால் ஆல்ஃபிரிஸ்டன் வரை கடையோ கழிப்பறையோ கிடையாது. மழைநீர் சுண்ணாம்பில் இறங்கிவிடுவதால் மலைமுதுகில் ஓடையும் இல்லை. வீட்டையோ விடுதியையோ விட்டுக் கிளம்பும்போதே பாட்டில்களை நிரப்பிவிடுங்கள்.

காற்றுக்கும் மழைக்கும் தாங்கும் மேல்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, தொப்பி, வெயில் களிம்பு. இவை ஜூலையிலும் வேண்டும். மலைமுதுகில் நிழலும் இல்லை, மறைப்பும் இல்லை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சும். கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, சிறிய தலைவிளக்கு, விசில், உண்ணி எடுக்கும் கொக்கி ஆகியவை குழுவுக்கு ஒரு செட் போதும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், சுருட்டிய சப்பாத்தி எல்லாம் நன்றாகத் தாங்கும். குழம்பு ஊற்றிய சாதம் பையில் கசியும், காற்றில் உட்கார்ந்து சாப்பிடவும் சிரமம். நடந்துகொண்டே கடிக்கக் கடலைமிட்டாய், பேரீச்சை வைத்திருங்கள்.

7. சனிக்கிழமை: சவுத்தீஸ் முதல் ஆல்ஃபிரிஸ்டன்

மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறோம். இங்கே அதிகம் வீசுவது தென்மேற்குக் காற்று. அது முதுகில் பட்டால் துணை, முகத்தில் அடித்தால் பகை. தலைகீழாக நடக்கத் திட்டமிடுபவர்கள் இதை யோசிப்பதில்லை.

நிலையத்திலிருந்து ஏ26 சாலையின் மேலுள்ள பாலத்தைக் கடந்ததும் இட்ஃபர்ட் ஹில் ஏற்றம். கடல்மட்டத்துக்கு அருகிலிருந்து நேரே ஏறுவதால் நாளின் மிகக் கடினமான பகுதி இதுவே. ரயிலில் உட்கார்ந்து வந்த உடம்போடு எல்லோரும் உற்சாகமாக வேகம் பிடிப்பார்கள். முதல் அரை மணி பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் மட்டும் போங்கள். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் முன்னவர் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மேலே வந்ததும் மலைமுதுகை விட்டு இறங்காமல் பெடிங்ஹாம் ஹில் கோபுரங்களைத் தாண்டிப் போக வேண்டும். பிறகு ஃபர்ல் போஸ்டல் கார் நிறுத்தம். யாருக்காவது முடியவில்லை என்றால் இங்கிருந்து சாலை வழியே ஃபர்ல் கிராமத்துக்கு இறங்கலாம். அதற்கு அப்பால் கிளைண்டில் ரயில் நிலையம் இருக்கிறது. அடுத்தது 217 மீட்டர் உயர ஃபர்ல் பீக்கன், இரண்டு நாளிலும் மிக உயர்ந்த இடம். காற்று இல்லாத நாளென்றால் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளலாம். அதன்பின் போபீப் கார் நிறுத்தம். சாலை மேலே வரும் கடைசி இடம் அது. அங்கிருந்து ஆல்ஃபிரிஸ்டனுக்கு நீண்ட இறக்கம். 11 மணிக்குக் கிளம்பினால் 4 மணிக்குள் கிராமத்தில் இருக்கலாம்.

மாடு, ஆடு மேயும் நிலம் நெடுக வரும். கதவை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விட்டுவிடுங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே புகாமல் சுற்றிப் போங்கள். குழுவில் நாய் இருந்தால் கயிற்றில் இருக்கட்டும். மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாடு நாயைத்தான் குறிவைக்கும், நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும்.

8. ஆல்ஃபிரிஸ்டன் பிரிவு: இங்கே நின்று வரைபடத்தைத் திறங்கள்

ஓக் விதைச் சின்னம் பொறித்த கம்பங்களைப் பின்தொடர்ந்தால் போதும் என்ற நம்பிக்கை இதுவரை வேலை செய்திருக்கும். ஆல்ஃபிரிஸ்டனில் அது கைவிடும். இங்கே சவுத் டவுன்ஸ் வே இரண்டாகப் பிரிகிறது, இரண்டிலும் அதே விதைச் சின்னம்தான் இருக்கும்.

ஒன்று குதிரை, சைக்கிள்களுக்கும் உரிய உள்நாட்டுப் பாதை. விண்டோவர் ஹில் ஏறி, ஜெவிங்டன் வழியாக ஈஸ்ட்போர்ன் போகும். மற்றது நடப்பவர்களுக்கு மட்டுமான கடலோரப் பாதை. லிட்லிங்டன், எக்சீட், செவன் சிஸ்டர்ஸ் வழியாகப் போகும். சின்னத்தை மட்டும் பார்த்து நடந்தவர்கள் விண்டோவர் மேலே நின்றுகொண்டு கடலைத் தேடுவதுண்டு. அம்புக்குறியின் நிறத்தைப் பாருங்கள்: நீலம் குதிரைப் பாதை, மஞ்சள் நடைபாதை. குக்மியர் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் குழுவை நிறுத்தி, அடுத்த ஊர் லிட்லிங்டன் என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

உள்நாட்டுப் பாதைக்கு ஒரு நல்ல பயன் உண்டு. பலத்த காற்றோ கடும் மூடுபனியோ என்றால் அன்றைக்குப் பாறை விளிம்புப் பக்கமே போகாமல் அந்த வழியில் போய்விடலாம். தூரமும் குறைவு. ஆகவே ஞாயிறு காலை வானிலை பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடம் இந்தப் பாலம்.

9. ஞாயிற்றுக்கிழமை: எக்சீட் வரை

லிட்லிங்டன் தாண்டி ஃபிரிஸ்டன் காட்டுக்குள் ஏறி, நீண்ட படிக்கட்டில் வெஸ்ட்டீன் குக்கிராமத்துக்கு இறங்கி, மறுபடி ஒரு ஏற்றம். ஐந்து கிலோமீட்டர் என்றாலும் எளிதான ஐந்தில்லை. முழங்கால் பிரச்சினை இருப்பவர் யாரென்று அந்தப் படிக்கட்டிலேயே தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள நல்ல இடம்தான், ஏனென்றால் அடுத்து வருவது எக்சீட். கழிப்பறை, பூங்கா அலுவலகம், பிரைட்டன்–ஈஸ்ட்போர்ன் 12ஆம் எண் பேருந்து மூன்றும் அங்கே இருக்கின்றன. தயக்கமுள்ளவரை இங்கேயே பேருந்தில் ஏற்றிவிடுவது அவருக்கு நீங்கள் செய்யும் உதவி. துணைக்கு ஒருவரையும் அனுப்புங்கள்.

சாலையைக் கடந்து ஆற்றின் கிழக்குப் பக்கத்திலேயே போக வேண்டும். படங்களில் வரும் கடலோரக் குடிசைகள் மேற்குக் கரையில் உள்ளன. அவற்றைப் பார்க்கலாம் என்று அந்தப் பக்கம் போனவர்கள் முகத்துவாரத்தில் ஆற்றைக் கடக்க வழியில்லாமல் எக்சீட்டுக்கே திரும்பி வர நேரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகும்.

10. செவன் சிஸ்டர்ஸ்: விளிம்பும் கால்களும்

முதலில் வரும் ஹேவன் ப்ரோ 77 மீட்டர். குன்றுகளில் உயரமானது அதுதான், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற இறக்கம். எந்தக் குன்றும் பெரிதில்லை. ஆனால் இறங்கிய உடனே ஏறுவது தொடையைப் பிழிந்தெடுக்கும். இறக்கத்தில் ஓடாதீர்கள். சின்ன அடியாக வைத்து, புல் ஈரமாக இருந்தால் சற்றுக் குறுக்காக இறங்குங்கள்.

விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளியே நடக்க வேண்டும். இந்தப் பாறை சுண்ணாம்பு. அடியைக் கடல் அரிப்பதால் மேல்பகுதி பல இடங்களில் கீழே ஒன்றுமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு அது புல்தரையாகத்தான் தெரியும். முன்னறிவிப்பே இல்லாமல் டன் கணக்கில் சரிந்து விழும், மழைக்குப் பிறகும் விழும், வெயிலிலும் விழும். பெரும்பகுதிக்கு வேலி கிடையாது. புல்லில் விரிசல் தெரிந்தால் அதை விட்டு நிலப்பக்கமாக இன்னும் தள்ளிப் போங்கள். விளிம்பில் கால் தொங்கவிட்டுப் படம் எடுக்க ஒருவர் போனால் முன்னவர் குழுவை நிறுத்தி அவரைத் திரும்ப அழைக்க வேண்டும். இதில் மரியாதை பார்க்கக் கூடாது. பாறையின் அடியில் நடப்பதும் அதே அளவு ஆபத்து. மேலிருந்து கல் விழும், அலையேற்றத்தில் வழி அடைபடும்.

பர்லிங் கேப்பில் உணவகமும் கழிப்பறையும் உண்டு. வெட்டுநேரத்தைத் தாண்டியிருந்தால் இங்கிருந்து உள்ளே கொஞ்ச தூரம் நடந்து ஈஸ்ட் டீன் போய் 12ஆம் எண் பேருந்தைப் பிடியுங்கள்.

11. பீச்சி ஹெட், இறக்கம், தலைகளை எண்ணுதல்

பெல் டூ பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டி 162 மீட்டர் உயர பீச்சி ஹெட்டுக்கு நீண்ட ஏற்றம். களைப்பு மொத்தமாகத் தெரிவது இங்கேதான். ஏறுவதற்கு முன் எல்லோரும் ஏதாவது இனிப்பாகக் கடித்துக்கொள்ளுங்கள். கடைசி இறக்கம் செங்குத்தான புல்சரிவு. ஊர் தெரிந்துவிட்டதென்று குழு சிதறுவது இங்கேதான், ஆகவே அடிவாரத்தில் கூடித் தலைகளை எண்ணிய பிறகு நிலையத்துக்குக் கிளம்புங்கள்.

12. ஏதாவது நடந்துவிட்டால்

999 அல்லது 112. பாறைப் பகுதியில் விபத்து என்றால் கடலோர மீட்புப் படையான கோஸ்ட்கார்டைக் கேளுங்கள், மற்ற இடத்தில் ஆம்புலன்ஸ். இடத்தை வரைபடக் கட்ட எண்ணாகச் சொல்ல வேண்டும், 'செவன் சிஸ்டர்ஸ் பக்கம்' என்றால் தேடுபவர்களுக்குப் பயன்படாது. சிக்னல் குறைவாக இருந்தால் 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆனால் அதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும்: வீட்டிலிருந்தே 'ரிஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி, வரும் பதிலின்படி செய்யுங்கள். விசிலில் உதவி கேட்கும் முறை, ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது.

வீட்டுக்குப் போனதும் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள், முடியோரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். புல்லிலும் புதரிலும் உண்டு. இருந்தால் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுங்கள், எண்ணெயோ நெருப்போ வைக்க வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். உண்ணிக் கடியால் வரும் லைம் நோய்க்கு ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் எளிதில் குணமாகும். இந்தச் செய்தியை மறுநாள் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ரயிலில் தூங்கிக்கொண்டே வீடு போனவர்கள் இதைத்தான் மறந்திருப்பார்கள்.